0.025 எலக்ட்ரான் வோல்ட் பாசிட்ரான் எப்படி ஹெக்ஸேனை அயனியாக்குகிறது?

கொழிஞ்சி22 (கொழிஞ்சாம்பாறை) – கேள்வி

வணக்கம். எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடம் இங்கிலீஷில், விளக்கம் மலையாளத்தில், மண்டையில் ஓடுவது தமிழில். அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

ஹெக்ஸேன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிரிக்க 10.13 எலக்ட்ரான் வோல்ட் (இனி எ.வோ.) வேண்டும். அறை வெப்பநிலைக்கு ஆறிவிட்ட பாசிட்ரானிடம் (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) இருப்பது 0.025 எ.வோ. அதாவது தேவையில் 400-இல் ஒரு பங்கு. ஆனாலும் அயனி கிடைக்கிறது என்கிறார்கள். அதுவும் முழு அயனி மட்டும் இல்லை, துண்டு துண்டாகச் சிதறிய அயனிகள். பாசிட்ரான் ஆற்றலை 3.5 எ.வோ.-க்கு ஏற்றினால் சிதறல் குறைகிறதாம்! ஆற்றலைக் கூட்டினால் உடைசல் குறைவது எப்படி?

நான் நினைப்பது: பாசிட்ரான் அழியும்போது வரும் 511 கிலோ எ.வோ. காமா அந்த மூலக்கூறையே அடித்து உடைக்கிறது. சரியா?

இன்னொன்று: இதில் ஏதாவது ஒரு பகுதியையாவது கல்லூரி லேபில் செய்து பார்க்க முடியுமா?

---

சித்தூர் மாஷ் (சித்தூர், பாலக்காடு)

தம்பி, காமா விஷயத்தை முதலில் ஒதுக்கிவைத்துவிடுவோம். 511 கிலோ எ.வோ. காமா தண்ணீரிலேயே சராசரியாக 10 செ.மீ. போன பிறகுதான் எதையாவது தொடும். பிறந்த இடத்திலுள்ள அதே மூலக்கூறில் மோதும் வாய்ப்பு கணக்கிலேயே வராது. காமா கிளம்பும்போது கொடுக்கும் பின்னுதையும் ஒன்றுமில்லை. இரண்டு காமாவும் எதிரெதிராகப் போவதால் உந்தம் பெரும்பாலும் ஈடாகிவிடும். மிச்சம் ஹெக்ஸேன் அயனிக்குத் தருவது பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு எ.வோ. அதில் எந்தப் பிணைப்பும் அறுபடாது.

மோதித் தட்டிவிடும் கணக்கு எலக்ட்ரான் கற்றைக்குப் பொருந்தும். பாசிட்ரானுக்கு அது மூன்று வழிகளில் ஒன்று மட்டுமே. நேரடியாக மோதி எலக்ட்ரானை வெளியே தள்ளுவதென்றால் 10.13 எ.வோ. முழுதாக வேண்டும், அதில் சலுகை கிடையாது. இரண்டாவது வழியில் பாசிட்ரான் ஒரு எலக்ட்ரானைத் தன்னோடு கூட்டிக்கொண்டு பாசிட்ரோனியமாகக் கிளம்பிவிடுகிறது. அந்த ஜோடி கட்டுண்டதில் 6.80 எ.வோ. திரும்பக் கிடைக்கும். ஆகவே கையிலிருந்து போட வேண்டியது 10.13 − 6.80 = 3.33 எ.வோ. தான். பென்சீனுக்கு இதே கணக்கு 2.44, மீத்தேனுக்கு 5.81, ஆந்த்ரசீனுக்கு 0.64.

மூன்றாவது, பாசிட்ரான் மூலக்கூறுக்குள்ளேயே ஒரு எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்துபோவது. இதற்கு வாசல் ஆற்றலே இல்லை. இரண்டின் நிறையும் சேர்ந்த 10,22,000 எ.வோ. காமாவாகப் போகிறது. எலக்ட்ரானைப் பிரிக்க வேண்டிய 10 எ.வோ. அந்தப் பெரிய தொகையிலிருந்து கழிக்கப்படுகிறது. அதாவது இரண்டு காமாக்களும் சேர்ந்து பத்திருபது எ.வோ. குறைவாகக் கொண்டுபோகின்றன. எந்த டிடெக்டரும் அந்தக் குறைவைக் கண்டுபிடிக்காது, ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான். பாசிட்ரானின் வேகத்துக்கு இதில் வேலையே இல்லை.

இனி சிதறல். எந்த எலக்ட்ரான் போனது என்று பாருங்கள். அழிவு நடக்கும்போது பாசிட்ரான் மேலடுக்கு எலக்ட்ரானைத்தான் எடுக்கும் என்று கட்டாயமில்லை. வேலன்ஸ் ஆர்பிட்டல்கள் எல்லாமே ஏறக்குறைய சம வாய்ப்பில் மாட்டும். ஹெக்ஸேனில் அவை 10 எ.வோ.-வில் தொடங்கி 20-ஐயும் தாண்டிப் போகின்றன. 15 எ.வோ. ஆழத்திலுள்ள எலக்ட்ரான் காணாமல் போனால், மிஞ்சும் அயனிக்குள் ஏறக்குறைய 5 எ.வோ. கொதிப்பு இருக்கும். அயனியில் ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பை அறுக்க ஒன்றிரண்டு எ.வோ. போதும். அப்புறம் சிதறாமல் என்ன செய்யும்? (உள்ளடுக்கு 1எஸ் எலக்ட்ரானைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அணுக்கரு பாசிட்ரானைத் தள்ளிவிடுவதால் அது அங்கே நெருங்குவதே அரிது.) 1994-இல் கிராஃபோர்ட் வைத்த விளக்கம் இது. ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடுத்த நிறைமாலைகள் (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் பதிவுகள்) இதோடு ஒத்துப்போகின்றன.

3.5 எ.வோ.-க்கு வாருங்கள். இங்கே பாசிட்ரோனிய வழி திறந்துவிட்டது. கையில் மிச்சம் 3.5 − 3.33 = 0.17 எ.வோ. இந்தக் காசுக்கு மேலடுக்கு எலக்ட்ரானை மட்டும்தான் வாங்க முடியும், கீழே இருப்பது கட்டுப்படியாகாது. அயனி ஆறிப்போய் முழுதாக நிற்கிறது. 6 எ.வோ.-க்கு ஏற்றினால் மிச்சம் 2.67. உடைசல் மறுபடி தொடங்கும். ஆக, சிதறல் வரைபடம் பாசிட்ரோனிய வாசலுக்குச் சற்று மேலே ஒரு பள்ளம் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஏறும். நிறைமாலைக்காரர்களுக்குப் பிடித்த இடம் அந்தப் பள்ளம்தான்.

---

கணவாய்க்காற்று (வாளையார்)

மாஷ் சொன்னது பாதி. அழிவு நடந்தால் அயனி என்பது புரிகிறது. அழிவு நடக்கும் அளவுக்குப் பாசிட்ரான் அங்கே ஏன் தங்குகிறது என்பது மீதிப் பாதி, எனக்கு அதுதான் ருசியான பகுதி.

0.025 எ.வோ. பாசிட்ரானின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 94 கி.மீ. ஒரு நானோமீட்டர் மூலக்கூறைத் தாண்ட அதற்கு 10⁻¹⁴ நொடி போதும். எலக்ட்ரான்களின் நடுவே உட்கார்ந்திருக்கும் பாசிட்ரானுக்கோ அழிய நானோ நொடி வரிசையில் நேரம் வேண்டும். சும்மா கடந்துபோனால் லட்சத்தில் ஒன்று அழிந்தால் அதிகம்.

இதை அளக்க இசட்-எஃபெக்டிவ் என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். பெயரே தொல்லை. கட்டற்ற எலக்ட்ரான் வாயுவில் நடக்கும் அழிவு வேகத்தைப் போல இந்த மூலக்கூறில் எத்தனை மடங்கு என்பது இதன் பொருள். மூலக்கூறில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கை என்று படித்தால் மோசம் போவீர்கள். ஹெக்ஸேனில் எலக்ட்ரான் 50, இசட்-எஃபெக்டிவ் 1,20,000. நைட்ரஜனில் எலக்ட்ரான் 14, இசட்-எஃபெக்டிவ் 30 சொச்சம். ஆல்கேன் வரிசையைப் பாருங்கள்: மீத்தேன் 142, எத்தேன் 660, புரோப்பேன் 3,500, பியூட்டேன் 11,300, அப்புறம் ஹெக்ஸேன் 1,20,000, ஹெக்ஸாடெக்கேன் 22 லட்சம். கார்பன் கூடக் கூட எலக்ட்ரான் ஏறுவது படிப்படியாக, இந்த எண் ஏறுவது பாய்ச்சலாக. ஹைட்ரஜனையெல்லாம் எடுத்துவிட்டு ஃப்ளூரின் போட்ட பெர்ஃப்ளூரோஹெக்ஸேனில் எலக்ட்ரான் 162, ஆனால் இசட்-எஃபெக்டிவ் 535-தான். பெரிய மூலக்கூறு என்பதால் மட்டும் வருவதில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது.

காரணம், பாசிட்ரான் ஒட்டிக்கொள்கிறது. ஹெக்ஸேனில் பாசிட்ரானுக்கு ஏறக்குறைய 80 மில்லி எ.வோ. ஆழத்தில் ஒரு கட்டுநிலை இருக்கிறது. ஆனால் அதில் உட்கார, வந்த ஆற்றலையும் அந்த 80-ஐயும் எங்காவது இறக்கிவைக்க வேண்டும். இறக்கிவைக்கும் இடம் மூலக்கூறின் அதிர்வு. அதிர்வு குவாண்டம் பேரம் பேசாது. பொள்ளாச்சி பஸ்ஸில் காலை முதல் டிரிப் கண்டக்டர் மாதிரி, சரியான சில்லறை இருந்தால் டிக்கெட், இல்லையென்றால் இறங்கு. கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி அதிர்வு 0.37 எ.வோ. அதிலிருந்து 0.08 போக 0.29. கற்றையின் ஆற்றலை 0.29 எ.வோ. அருகே வைத்தால் அழிவு வீதம் சட்டென்று எகிறுகிறது. அதிர்வு ஃபெஷ்பாக் ஒத்ததிர்வு என்பது இதுதான். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் சர்க்கோ குழு 2002-இல் ஆற்றலைப் பிரித்து அளந்து இந்தச் சிகரங்களைக் காட்டியது. சிகரம் எவ்வளவு கீழே நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் கட்டு ஆற்றல் நேராகக் கிடைத்துவிடும். டோடெக்கேனில் நகர்வு 220 மில்லி எ.வோ., புரோப்பேனில் வெறும் 10. மீத்தேனில் பாசிட்ரான் ஒட்டுவதே இல்லை, சிகரமும் இல்லை.

உங்கள் 0.025 எ.வோ. பாசிட்ரான் நீட்சி அதிர்வைத் தொட முடியாது. 0.025-ஐயும் 0.08-ஐயும் கூட்டினால் 0.105. அந்த அளவில் வளைவு அதிர்வுகளும் கார்பன் சட்டக அதிர்வுகளும் இருக்கின்றன, அவற்றின் வழியாக உள்ளே போகிறது. போன பின் அந்த ஆற்றல் மற்ற அதிர்வுகளுக்குப் பரவிவிட்டால், பாசிட்ரான் வெளியே வரத் தேவையான சில்லறை மறுபடி ஒரே இடத்தில் சேர்வது கடினம். பெரிய மூலக்கூறில் அதிர்வு வகைகள் ஏராளம், சிறையும் நீளம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அழிவு வெட்டுப்பரப்பு = (7.48 × 10⁻¹⁵ × இசட்-எஃபெக்டிவ்) ÷ வேகம், எல்லாம் செ.மீ., நொடி அலகில். ஹெக்ஸேனுக்கு 0.025 எ.வோ.-வில் வருவது 10⁻¹⁶ சதுர செ.மீ. அருகே. இது சாதாரண வேதிமோதல் அளவு! அழிவு என்றாலே அபூர்வம் என்று புத்தகத்தில் படித்ததை இங்கே மறந்துவிட வேண்டியதுதான். 4 எ.வோ.-வில் இதே வெட்டுப்பரப்பு ஆயிரக்கணக்கான மடங்கு சுருங்கிவிடும். பாசிட்ரோனியம் உருவாதல் அங்கே ஆட்சிக்கு வந்துவிடும். மாஷ் சொன்ன பள்ளம் அவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

---

கொழிஞ்சி22

மாஷே, ரொம்ப நன்றி. கணவாய் அண்ணா, கண்டக்டர் உதாரணம் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு சந்தேகம். பொறியில் (மின்புலமும் காந்தப் புலமும் கொண்டு துகளைப் பிடித்துவைக்கும் அடைப்பு) பாசிட்ரானை அடைத்து வைத்து ஹெக்ஸேன் விட்டால், வரும் துண்டுகள் அழிவால் வந்தவைதான் என்று எப்படி நம்புவது? வேறு எதுவும் துண்டு போடாதா?

---

நகரிக்காரன் (நகரி)

நானும் சித்தூர்க்காரன்தான், ஆனால் ஆந்திரச் சித்தூர். :)

நல்ல சந்தேகம், இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

முதலில் ஏற்பாடு. பாசிட்ரான் தரும் கதிரியக்க மூலம் சோடியம்-22, அரை ஆயுள் 2.6 ஆண்டு. வெளிவரும் பாசிட்ரான் 546 கிலோ எ.வோ. வரை எல்லா ஆற்றலிலும் இருக்கும். அதை மட்டுப்படுத்தியில் மெதுவாக்க வேண்டும். டங்ஸ்டன் தகடு பத்தாயிரத்தில் ஒன்றிரண்டைத் தரும். 7–8 கெல்வினில் உறையவைத்த நியான் நூற்றுக்கு அரை முதல் ஒன்று வரை தரும். நியானில் வேலை அதிகம். கரண்ட் போய் கம்ப்ரஸர் நின்றால் பனி முழுவதும் ஆவியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும். மட்டுப்படுத்தியிலிருந்து காந்தப் புலத்தின் வழியே பொறிக்கு. வழியில் குழாயை ஒரு முறை வளைத்தே ஆக வேண்டும். மூலம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் வேகமான பீட்டாவும் காமாவும் உங்கள் வாயுவை அயனியாக்கிக்கொண்டே இருக்கும், அதை ஹெக்ஸேன் துண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

பொறி என்றால் மூன்று நிலை நைட்ரஜன் பொறி. முதல் நிலையில் 10⁻³ டார் (வளிமண்டல அழுத்தம் 760 டார்), கடைசி நிலையில் 10⁻⁶ டார். ஏன் நைட்ரஜன்? அதன் எலக்ட்ரானிய கிளர்வு 8.6 எ.வோ. அருகே தொடங்குகிறது, பாசிட்ரோனிய வாசலோ 15.58 − 6.80 = 8.78. அதாவது பாசிட்ரான் தொலைந்துபோகும் வாசலுக்குச் சற்றுக் கீழேயே ஆற்றலைக் கொட்ட ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலான வாயுக்களில் வரிசை தலைகீழ். ஆர்கானில் பாசிட்ரோனிய வாசல் 8.96, முதல் கிளர்வு 11.55. அங்கே பொறி வைத்தால் பாசிட்ரான் எல்லாம் பாசிட்ரோனியமாகப் பறந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. நைட்ரஜனிலும் கொஞ்சம் பாசிட்ரோனியம் உருவாகத்தான் செய்யும், அதோடு நைட்ரஜன் அயனியும். பாசிட்ரானும் அயனியும் இரண்டும் நேர்மின். ஒரே மின்னழுத்தப் பள்ளம் இரண்டையும் பிடித்து வைக்கும். இது வசதிதான், ஹெக்ஸேன் அயனிகளைத் தனியாகச் சேகரிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் நிலையில் பிறந்த நைட்ரஜன் அயனியும் பள்ளத்தில் இறங்கிவந்து காத்திருக்கும். ஹெக்ஸேன் வந்ததும் மின்னூட்டத்தை அதற்கு மாற்றிவிடும். 15.58-க்கும் 10.13-க்கும் வித்தியாசம் 5 எ.வோ.-க்கு மேல். அந்த மிச்சம் ஹெக்ஸேன் அயனியைச் சிதறடிக்கும். அச்சு அசலாக அழிவுச் சிதறல் போலவே இருக்கும்! சோதித்துப் பார்க்க வழி: பாசிட்ரானைச் சேர்த்து முடித்த பின் நைட்ரஜனை வெளியே இறைத்துவிட்டு, அயனிகளைக் கொட்டிவிட்டு, அதன் பிறகு ஹெக்ஸேனை விடுங்கள். ஹெக்ஸேன் விடாமல் ஒரு ஓட்டம், பாசிட்ரான் அடைக்காமல் ஒரு ஓட்டம், இரண்டும் எடுத்துக் கழிக்காமல் எந்த நிறைமாலையையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது, அதிக நேரம் வைத்திருத்தல். 10⁻⁶ டார் ஹெக்ஸேனில் ஓர் அயனி இன்னொரு மூலக்கூறில் வினைபுரிய ஏறக்குறைய 30 மில்லி நொடி. நீங்கள் ஒரு நொடி அடைத்து வைத்தால் கிடைப்பது பிறந்த துண்டுகளின் பட்டியல் இல்லை, பிறந்து அடித்துக்கொண்டு மாறியவற்றின் பட்டியல். அழுத்தத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் சில மில்லி நொடியிலேயே பறப்பு நேர அளவிக்குக் (அயனி பறக்கும் நேரத்தை வைத்து நிறையைச் சொல்லும் கருவி) கொட்டிவிடுங்கள்.

எண்ணெய் விஷயமும் சொல்லிவிடுகிறேன், இதில் தப்பினவர்கள் குறைவு. ரோட்டரி பம்ப் எண்ணெய் என்பது நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்தானே. அதன் இசட்-எஃபெக்டிவ் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10⁻⁹ டார் எண்ணெய் ஆவி இருந்தால் பாசிட்ரானின் ஆயுள் 4 நொடி. அதே பொறியில் 10⁻⁶ டார் நைட்ரஜன் மட்டும் இருந்தால் ஆயுள் 2 நிமிடத்துக்கு மேல். ஆயிரம் மடங்கு குறைவாக இருக்கும் எண்ணெய், 30 மடங்குக்கு மேல் வேகமாகத் தின்கிறது. வெற்றிட அளவி காட்டும் எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருக்கக் கூடாது. எண்ணெய் இல்லாத ஸ்க்ரோல் பம்ப், டர்போ, சுவர்களை நன்றாகச் சூடாக்கிக் காய்ச்சல், கைரேகை படாமல் உறை போட்டுக் கையாளல். உண்மையான வெற்றிட அளவி உங்கள் பாசிட்ரானின் ஆயுள்தான்.

---

கணவாய்க்காற்று

நகரிக்காரர் சொன்னதோடு ஒன்று. ஆற்றலைப் பிரித்து அளக்கும் கற்றை வைத்திருப்பவர்கள் வாயு அறைக்குள் பாசிட்ரானின் ஆற்றலை, அறைக்கு மின்னழுத்தம் ஏற்றி எங்கே கற்றை நின்றுபோகிறது என்று பார்த்துக் கணிக்கிறார்கள். ஹைட்ரோகார்பன் சுவரில் படிந்ததும் சுவரின் வேலைச்சார்பு (மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான் கிளம்பத் தேவையான ஆற்றல்) மாறும், பூஜ்யப் புள்ளி நகர்ந்துவிடும். ஒவ்வொரு வாயுவுக்கும் முன்னும் பின்னும் அந்த வெட்டுப்புள்ளியை எடுக்க வேண்டும். மேலும் அப்படி அளப்பது காந்தப் புலத் திசையிலுள்ள ஆற்றலை மட்டுமே. குறுக்குத் திசையில் 25 மில்லி எ.வோ. வெப்பம் ஒளிந்திருக்கும். அதைச் சேர்க்காமல் சிகரத்தைப் படித்தால் கட்டு ஆற்றல் 10 மில்லி எ.வோ. வரிசையில் தவறும். ஹெக்ஸேனில் அது சின்ன விஷயம். புரோப்பேனில் மொத்தக் கட்டு ஆற்றலே 10 என்பதால் முடிவே தலைகீழாகலாம். பொறியிலும் அறையிலும் காந்தப் புலம் வேறுவேறு என்றால் குறுக்கு ஆற்றல் புலத்தின் விகிதத்தில் மாறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

---

சித்தூர் மாஷ்

மூன்றாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டோம். கல்லூரி லேப்.

அயனியைப் பார்ப்பதற்குப் பொறியும் உயர்வெற்றிடமும் வேண்டும், அதை மறந்துவிடுங்கள். ஆனால் ஹெக்ஸேனின் அந்த 1,20,000-ஐ ஆயுள் அளவீட்டில் பார்த்துவிடலாம். அந்த எண்தான் அயனி பிறக்கும் வேகமும். 1963-இல் பால், சென்-பியர் இருவரும் பெரிய ஆல்கேன்களின் விசித்திர வேகத்தைக் கண்டது வாயுவில் ஆயுள் அளந்துதான்.

10 மைக்ரோகியூரி சோடியம்-22, அதற்கு மேல் வேண்டாம். அதிகமானால் ஒரு சிதைவின் தொடக்கமும் இன்னொன்றின் முடிவும் கலந்து பின்னணி ஏறும். மூலத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதி என்ன என்று பார்ப்பது முதலில், மற்றதெல்லாம் பிறகு. காய்ந்த உப்பை 7.5 மைக்ரான் காப்டான் (பாலிஇமைடு பிளாஸ்டிக்) தாள் இரண்டின் நடுவே ஒட்டியிருப்பார்கள். மூலத்தை வைக்கும் வாயு அறையைக் காலி செய்யும்போது வால்வை மெல்லத் திறக்கவும். உள்ளே சிக்கிய காற்று உப்பித் தாள் கிழிந்தால் அறை முழுக்கக் கதிரியக்கத் தூசி, அப்புறம் அந்த அறை யாருக்கும் ஆகாது.

தொடக்கக் குறி பாசிட்ரான் பிறந்தவுடன் வரும் 1.275 மெகா எ.வோ. காமா, முடிவுக் குறி அழியும்போது வரும் 511 கிலோ எ.வோ. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (காமா பட்டால் மின்னும் பொருள்) போதும், இங்கே நாம் பார்ப்பது பத்து நானோ நொடிக்கு மேலுள்ள ஆயுள்கள். பிளாஸ்டிக்கில் ஒளிச்சிகரம் வராது, காம்ப்டன் விளிம்பை (காமா ஓர் எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது கொடுக்கும் அதிகபட்ச ஆற்றல்) வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 511-க்கு விளிம்பு 341 கிலோ எ.வோ., 1275-க்கு 1062. தொடக்கத்தின் கீழ்வரம்பை 400-க்கு மேல் வையுங்கள், 511 அதில் நுழையாது. சோடியம் அயோடைடு படிகம் வேண்டாம். நேரத்தில் மெதுவானது, ஜூன் மாத ஈரத்தில் உறையில் சிறு கசிவு இருந்தால் மஞ்சளித்துவிடும்.

அழுத்தம் மிக முக்கியம். சாதாரண வளிமண்டல அழுத்த நைட்ரஜனில் செய்யத்தான் எல்லோருக்கும் ஆசை. இரண்டு காரணத்தால் கெடும். பாசிட்ரான் நிற்க அங்கே சராசரியாக 40 செ.மீ. தூரம் வேண்டும், அதனால் பெரும்பாலும் சுவரில் போய்ச் சாகும். இன்னொன்று, 1 அமகட் (0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள வாயு அடர்த்தி) நைட்ரஜனில் தனிப் பாசிட்ரானின் ஆயுள் 163 நானோ நொடி, ஆர்த்தோ பாசிட்ரோனியத்தின் (இரண்டு துகளின் சுழற்சியும் ஒரே திசையில் இருக்கும், நீண்ட ஆயுள் வகை) ஆயுள் 142. இரண்டையும் எந்த ஃபிட்டிங் புரோகிராமும் பிரித்துத் தராது. தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். 5 அமகட்டுக்கு ஏற்றினால் நிற்கும் தூரம் 8 செ.மீ., பாசிட்ரான் ஆயுள் 33 நானோ நொடி. இப்போது பாசிட்ரோனிய வால் தனியாகத் தெரியும். அறை 5.5 வளிமண்டலம் தாங்க வேண்டும். தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்துவிட்டு வையுங்கள், உருளையை உடைத்துப் பார்ப்பது புராஜெக்ட் இல்லை.

சூத்திரம் இவ்வளவுதான்: அழிவு வீதம், மைக்ரோ நொடிக்கு = 0.201 × அடர்த்தி (அமகட்டில்) × இசட்-எஃபெக்டிவ். கலவையென்றால் ஒவ்வொன்றுக்கும் போட்டுக் கூட்டுங்கள்.

முதலில் காலி அறையில் 1 டார் ஹெக்ஸேன் ஆவி. அறை வெப்பநிலையில் அதன் ஆவியழுத்தம் 150 டார் அருகே, அதனால் ஊசி வால்வு வழியே தாராளமாகக் கிடைக்கும். அதன் மேல் நைட்ரஜனை 5 அமகட் வரை. 1 டார் என்பது 0.0012 அமகட். அதை 1,20,000-ஆல் பெருக்கினால் 144. நைட்ரஜன் 5 × 30.5 = 152. ஆயிரத்தில் ஒரு பங்கின் கால்கூட இல்லாத ஹெக்ஸேன் அழிவு வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது! ஆயுள் 33-இலிருந்து 17 நானோ நொடிக்கு இறங்கும். இதைப் பார்க்க அதிநவீனக் கருவி எதுவும் வேண்டாம்.

எங்கே கெடும்? 5 அமகட்டில் வாயுக்கள் தாமாகக் கலக்க நேரமாகும். நிரப்பினவுடன் எடுத்த முதல் அரைமணி தரவைத் தூக்கிப்போடவும், ஒரு ராத்திரி விட்டு எடுத்தால் கவலையில்லை. ஹெக்ஸேன் ரப்பர் ஓ-ரிங்கில் ஊறும். நைட்ரைல் வேண்டாம், விட்டான் போடுங்கள். ஊறினால் ஆயுள் நாளுக்கு நாள் ஏறும், அதை வைத்தே கசிவைக் கண்டுபிடிக்கலாம். கடையில் ஹெக்ஸேன் என்று விற்பது பல ஐசோமர்களின் கலவை, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

---

கொழிஞ்சி22

மாஷே, எங்கள் லேபில் ஏ.சி. கிடையாது. ஏப்ரலில் பகல் 38, ராத்திரி 26. அழுத்தம் ஏறி இறங்கினால் ஆயுளும் மாறாதா?

---

சித்தூர் மாஷ்

மூடிய அறையில் அழுத்தம் மாறும், அடர்த்தி மாறாது. சூத்திரத்தில் இருப்பது அடர்த்திதான். நிரப்பும்போது வெப்பநிலையைக் குறித்துவைத்து அமகட்டாக மாற்றிக்கொண்டால் போதும். வெப்பத்தால் நகர்வது ஒளிப்பெருக்கிக் குழாயின் பெருக்கம். 341 விளிம்பு எந்தச் சானலில் நிற்கிறது என்று காலை, மதியம், இரவு மூன்று முறை குறித்துவையுங்கள், நகர்ந்தால் வரம்பைத் திருத்துங்கள். முடிந்தால் ராத்திரித் தரவை மட்டும் எடுங்கள்.

---

நகரிக்காரன்

ஹெக்ஸேன் முடிந்ததும் அதே அறையில் 1 டார் பென்சீன் போட்டுப் பாருங்கள். இசட்-எஃபெக்டிவ் 15,000 அருகே, ஆயுள் 33-இலிருந்து 29-க்குத்தான் இறங்கும். வித்தியாசம் சின்னது, அதனால் 3 டார் போடுவது நல்லது, 24-க்கு வரும். பென்சீன் ஆவி உடம்புக்கு ஆகாது, வெளியேற்றும் குழாயைப் புகைக்கூண்டுக்குள் விடவும். ஹெக்ஸேனுக்கு அப்புறம் அறையைச் சூடாக்கி ஒரு நாள் இறைத்துவிட்டு, வெறும் நைட்ரஜனில் 33 திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே பென்சீன். 33-க்குப் பதில் 30 வந்தால் சுவரிலும் ஓ-ரிங்கிலும் ஹெக்ஸேன் மிச்சமிருக்கிறது.